கடம்பவனத்துக் கடம்பு எது?

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்திலே சுவாமி சந்நிதிப் பிரகாரத்தை வலம் வருகிறவர்கள், பட்டுப்போய் நெடுங்காலமாகியும் பக்தியோடு பாதுகாக்கப்பட்டு வரும் ஓர் அடிமரத்தின் முன் சற்று நின்று கும்பிட்டுவிட்டுப் போவதைக் காணலாம். தலவிருட்சமாகிய கடம்பு அதுதான். விருத்திராசுரனைக் கொன்ற பாவம் தீர இந்திரன் கடம்பவனத்துக்கு வந்து சிவலிங்கத்தைப் பூசித்ததையும், வணிகன் தனஞ்சயன் வழியில் இருட்டிவிட அவ்வனத்திலே தங்கித் தேவர்கள் வழிபடக் கண்டு குலசேகர பாண்டியனிடம் போய்ச் சொன்னதையும், அவ்வரசன் காடு திருத்தி நகரம் கண்டதையும் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைத்திருக்கிறார். மதுரைக்காரர்களுக்கு இக்கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடம்பு பூத்து நிற்கக் கண்டவர்கள்தாம் குறைவு.

கடம்பு என்று பெயர்பெற்ற மரங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் இன்று பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படுவது வெண்கடம்பு. நேராக ஓங்கி, கிளைகளைக் கிடையாக நீட்டி, சாணுக்கு மேல் நீண்ட இலைகளைத் தாங்கி விரைவில் வளரும் இம்மரம் மழைக்காலத்தில் பூக்கும்போது, சிறு பந்துகளை யாரோ கிளைதோறும் கட்டிவிட்டது போலத் தோன்றும். ஒரு பந்து ஒரே பூவன்று. மஞ்சள் நிறமுள்ள நூற்றுக்கணக்கான நுண்மலர்கள் ஒரு மையத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும் கூட்டமே அது. மொட்டு விரியுமுன்பே மகரந்தப் பைகள் வெடித்துத் தம் பொடியைச் சூல்தண்டின் நுனியில் பூசிவிடுகின்றன. பிறகு அத்தண்டு இதழ்களைத் தாண்டி வெளியே நீண்டு, வருகின்ற வண்டுக்கு மகரந்தத்தை ஏந்திக் கொடுத்து, அதன் பின்னரே தான் பிற பூவின் மகரந்தத்தை ஏற்கத் தகுதி பெறுகிறது. பந்தைச் சுற்றி வெண்மையாய்ச் சிலிர்த்து நிற்பவை இந்தத் தண்டுகளே. எல்லாத் திசையிலும் ஒருங்கே முளைக்கும் இவ்வமைப்பைக் கண்ட தருக்க நூலாராகிய தார்க்கிகர்கள், ஒலி பிறந்த இடத்திலிருந்து நாற்புறமும் பரவுவதற்குக் கடம்ப மொட்டையே உவமையாகக் கொண்டு, அதற்குக் கதம்பகோளக நியாயம் என்று பெயரும் இட்டார்கள். பௌதிக சாஸ்திரத்துக்கு ஒரு பூ உதவிய விந்தை!

ஆனால் வெண்கடம்பு ஈரம் மிகுந்த காடுகளை விரும்புவது. ஒரு கிலோவுக்குக் கோடிக்கு மேல் எண்ணத்தக்க அதன் பொடிவிதைகள் முளைத்துப் பிழைக்கவும் ஈரமண் வேண்டும். கோடையில் மணலாய்க் கிடக்கும் வைகைக் கரையில், ஆண்டுக்கு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் மழையே காணும் சமவெளியில், இது வனமாக அடர்ந்திருக்கும் என்று நம்புவது எனக்குக் கடினமாயிருக்கிறது. வெண்கடம்பைப் போலவே காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த நீர்க்கடம்போ, சிறிய இலையும் கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய மணமுள்ள வெளிர்மஞ்சள் பூப்பந்தும் கொண்டு, வறண்ட நாட்டிலும் கண்மாய்க் கரைகளிலும் ஓடையோரங்களிலும் தானே வளர்வது. புராணத்து வனம் இதனாலானது என்று சாதிக்கச் சான்றில்லை. நிலத்தின் இயல்பு அப்பக்கமே சாய்கிறது. சிவந்த பூச்சரங்கள் தொங்கும் செங்கடம்பு என்றொரு மரமும் உண்டு. பெயரில் மட்டுமே உறவு, குடும்பம் வேறு.

கடம்பு மீனாட்சியின் வனத்துக்கு மட்டும் உரியதன்று. முருகனுக்குக் கடம்பன் என்றே ஒரு பெயர். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் அவனைக் கடம்போடு சேர்த்தே பேசுகிறது. அவனுக்குரிய வெட்சியும் காப்பிக் குடும்பத்துச் செடியே என்பது தாவர நூலார் அறிந்த வேடிக்கை. கடம்பைக் காவல்மரமாகக் கொண்ட பகைவரைக் கடல் கடந்து வென்று, அம்மரத்தை வெட்டி முரசு செய்தான் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் என்பது பதிற்றுப்பத்துச் செய்தி. வடக்கே கண்ணன் காளிங்கன்மேல் பாய்ந்ததும் ஒரு கடம்பிலிருந்துதான்.

வடமொழியில் கதம்பம் என்னும் சொல் இம்மரத்தோடு கூட்டம், தொகுதி என்பவற்றையும் குறிக்கும். கோயில் வாசல் பூக்காரர்கள் மல்லிகை, கனகாம்பரம், மரு, மரிக்கொழுந்து என்று பலவும் கலந்து தொடுத்துக் கதம்பம் என்று கூவி விற்கும் சரத்துக்குப் பெயர் வந்தது அவ்வழியே. கடம்பவனத்து வாசலில் விற்கும் அந்தக் கதம்பத்தில் கடம்பம்பூ ஒன்றுகூட இராது.