விழிப்பூட்டல் விதி மேக்ரோ

விழிப்பூட்டல் விதி மேக்ரோ என்பது வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள்களில் ஒரு மதிப்பையோ நிபந்தனையையோ ஒரே இடத்தில் வரையறுத்துப் பெயரிட்டு, பல விதிகளில் அப்பெயரால் பயன்படுத்த உதவும் வசதி ஆகும். விதி மதிப்பிடப்படும்போது மென்பொருள் அப்பெயருக்குப் பதிலாக உரிய மதிப்பை இடுகிறது.

தேவை

"இணைப்பின் பயன்பாடு 80 விழுக்காட்டைத் தாண்டினால் மின்னஞ்சல் அனுப்புக" என்பது ஓர் எளிய விதி. இது நூறு திசைவிகளுக்குத் தனித்தனியே எழுதப்பட்டால் 80 என்னும் எண்ணும் நூறு இடங்களில் இருக்கும். பின்னர் அதை மாற்றுபவர் சில இடங்களைத் தவறவிடுவது இயல்பு. மேக்ரோ இருப்பின் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

மென்பொருள்களில்

1999இல் ஈத்தன் கால்சுடாடு நெட்செயின்ட் என்னும் பெயரில் வெளியிட்டு, 2002இல் நாகியோசு எனப் பெயர் மாறிய மென்பொருளில், கருவியின் பெயர், முகவரி போன்றவை கட்டளைகளிலும் அறிவிப்புகளிலும் மேக்ரோக்களாக இடப்படுகின்றன. கடவுச்சொற்களைத் தனிக் கோப்பில் மேக்ரோக்களாக வைக்கவும் இதில் வழியுண்டு.

லாத்வியாவைச் சேர்ந்த அலெக்சேய் விளாதிசேவ் உருவாக்கிய சாபிக்சில் பயனரே மேக்ரோக்களை வரையறுக்கலாம். வரம்பு மதிப்புகளை வைக்க இவை மிகவும் ஏற்றவை.

2013இல் அப்சர்வியத்திலிருந்து பிரிந்த லிப்ரெஎன்எம்எசு ஒரு படி மேலே சென்று, முழு நிபந்தனையையே மேக்ரோவாக்குகிறது. "செயலிழந்த கருவி" என்னும் மேக்ரோவில் மூன்று கூறுகள் அடங்கும்: கருவி பதிலளிக்கவில்லை, அது முடக்கப்படவில்லை, புறக்கணிக்குமாறு குறிக்கப்படவும் இல்லை. விதி எழுதுபவர் முதற்கூற்றை மட்டும் எழுதினால், பழுதுபார்ப்புக்காகப் புறக்கணிக்கக் குறித்த கருவியும் நள்ளிரவில் பொறியாளரை எழுப்பும். இணைப்புப் பயன்பாட்டு விழுக்காட்டுக்கும் அதில் மேக்ரோ உண்டு. நொடிக்கு 11,25,000 பைட்டுகள் செல்லும் 10 மெகாபிட் இணைப்பின் பயன்பாடு 90 விழுக்காடு. எட்டால் பெருக்க மறப்பவருக்கு அது 11.25 ஆகத் தோன்றும்.

செல்லெல்லை

மேக்ரோவின் பயன் எவ்வளவோ அவ்வளவு ஆபத்தும் அதன் செல்லெல்லையில் உள்ளது. சாபிக்சு முதலில் கருவி அளவிலும், பின்னர் அதனுடன் இணைந்த வார்ப்புருக்களிலும், இறுதியில் பொது அளவிலும் மேக்ரோவைத் தேடுகிறது. முதலில் கிடைக்கும் மதிப்பே எடுத்துக்கொள்ளப்படும்.

எல்காட் நிறுவனம் செயற்படுத்திய தமிழ்நாடு மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு, தலைமையிடம், மாவட்டம், வட்டம் எனக் கிளைபிரிவது. அத்தகைய அமைப்புடைய கற்பனை வலையமைப்பு ஒன்றில் திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டங்களில் ஒவ்வொரு திசைவி இருப்பதாகவும், பொது வரம்பு 80 எனவும் கொள்க. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி முருகன் கோயிலில் பெருந்திரளான பக்தர்கள் கூடுவர். அந்நாட்களில் அங்குள்ள இணைப்பு 80ஐத் தாண்டுவது பழுதன்று. ஆனால் விழிப்பூட்டல்கள் குவியும். அதைத் தவிர்க்கப் பொது மேக்ரோவை 95 ஆக்கினால் திருத்தணி அடங்கிவிடும். வழக்கமாக 30 விழுக்காட்டில் இயங்கும் பள்ளிப்பட்டு இணைப்பு பழுதால் 90ஐ எட்டினாலும் இனி எவருக்கும் செய்தி போகாது. எந்த விதியும் திருத்தப்படாததால், விதிகளைப் பார்வையிடுபவருக்கும் காரணம் புலப்படாது.

திருத்தணித் திசைவிக்கு மட்டும் கருவி அளவில் அதே பெயரில் 95 என வரையறுப்பதே சரியான முறை. விழா முடிந்ததும் அதை நீக்கினால் பொது மதிப்பு தானாகவே திரும்பும். நீக்க மறந்தால் திருத்தணி ஆண்டு முழுவதும் 95இலேயே இருக்கும். ஆகவே, நீக்கவேண்டிய நாளை மேக்ரோவின் விளக்கக் குறிப்பில் எழுதுவது நல்ல பழக்கம். ஒரே திசைவியின் இரு முகப்புகளுக்கு வெவ்வேறு வரம்பு தேவையெனில், சாபிக்சு 3.0 முதல் மேக்ரோப் பெயருடன் சூழலையும் சேர்த்துக் குறிக்கலாம்.

பெயரிடல்

பெயரில் எண்ணைச் சேர்ப்பது தவறு. "வரம்பு80" எனப் பெயரிட்ட மேக்ரோவின் மதிப்பு ஒருநாள் 90 ஆகும்போது பெயர் பொய்யாகிவிடும். சாபிக்சில் பேரெழுத்து ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, புள்ளி ஆகியவையே பெயரில் இடம்பெறலாம்; தமிழ்ப் பெயரிட இயலாது. விதியில் எழுத்துப்பிழையுடன் எழுதப்பட்ட மேக்ரோ பதிலீடு செய்யப்படாமல் அப்படியே நின்றுவிடும். வரம்பு மதிப்பே இவ்வாறு கிடைக்காமல் போனால் அவ்விதியால் பழுதைக் கண்டறிய முடியாது. புதிய விதியை ஒருமுறை வேண்டுமென்றே தூண்டிச் சோதிப்பது இதனாலேயே தேவையாகிறது.