பரீட்சையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவோம்

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையே வகுப்பறையானது. சின்ன மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அரசாங்கத்தின் இலவசப் பாடநூல்களோடு கடைக் கணக்கும் கதைப் புத்தகங்களும் அவளுக்குப் போதுமாக இருந்தன. அந்த வயதில் பாடத்திட்டத்தை மாற்றினாலும் பெரிய நட்டமில்லை.

மகனுக்கு வயது பதினான்கு. லண்டன் பாடத்திட்டப் புத்தகங்கள் எடுக்கக் காசும் ஒதுக்கிவிட்டேன். "வாப்பா, மொறட்டுவை கெம்பஸுக்குப் போக இது உதவுமா?" என்று கேட்டான். விசாரித்துப் பார்த்தேன். சில விசேட ஏற்பாடுகள் தவிர, அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில்தான் கிடைக்கிறது. யாருக்கு விற்பதென்று பாராமல் சரக்கு எடுக்கப் போயிருக்கிறேன்! மகன் உள்ளூர்ப் பாடத்திட்டத்திலேயே தொடர்ந்தான்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது, பவுண் கணக்கில் பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டியிருந்த நண்பர்கள் திண்டாடியதையும் கண்டேன்.

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு லண்டன் பாடத்திட்டம் பொருந்தலாம். ஆனால் ஒன்பதாம் தரம் முடியுமுன் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பேசி, அது போய்ச்சேர வேண்டிய இடத்தை முடிவு செய்யுங்கள். புத்தகத்தைப் பிறகு வாங்கலாம்.