மருத்துவமனைக் கணிப்பொறியும் நோயாளியின் மறைபொருளும்

பெற்றோரிடத்தும் சொல்லத் தயங்கும் செய்தியை நோயாளி மருத்துவரிடம் மனம்விட்டுக் கூறுகிறார். சொன்னது வெளியே போகாது என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழியும் இம்மறைகாத்தலைக் கடமையாக விதிக்கின்றது. முன்னாளில் மருத்துவரின் நாவடக்கமும் பூட்டிய அலமாரியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. இன்றோ அச்செய்தி கணிப்பொறியில் பதிவாகின்றது. எனவே அப்பொறுப்பு வரவேற்பு மேசைப் பணியாளர், ஆய்வுக்கூடத்தார், மென்பொருள் அமைத்துத் தந்தவர் ஆகிய அனைவரையும் சார்ந்ததாகிவிட்டது.

இதனால் நேரும் இடர்கள் இரண்டு. செய்தி பிறர் கைக்குப் போதல் ஒன்று. நம் கைக்கே எட்டாமற் போதல் மற்றொன்று.

பிறர் கைக்குப் போதல்

அமராவதி நகர் போன்ற ஊர்களில் வாழ்வோர் உயர் சிகிச்சை நாடி உடுமலைக்கும் திருப்பூருக்கும் செல்வதுண்டு. அத்திருப்பூரே முதல் இடருக்குச் சான்றாயிற்று. அங்குள்ள ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் நோயாளிகள் சுமார் 1,50,000 பேரின் விவரங்கள் இணையக் குற்றவாளிகளின் சந்தையில் விலைக்கு வந்துள்ளன என்று 2022 டிசம்பரில் கிளவுட்செக் என்னும் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அவை 2007 முதல் 2011 வரையிலான பதிவுகள். ஒரு படியின் விலை 100 டாலர். வெளி நிறுவனம் ஒன்றன் வழியே அவை கசிந்திருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கருதிற்று.

பத்தாண்டு கடந்த பதிவுக்கும் விலை உண்டு என்பதே இதனால் பெறும் பாடம். திருடுபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். நோய் வரலாற்றை மாற்ற இயலுமோ? பின்னலாடைத் தொழிற்கூடத்தில் பணிபுரியும் பெண்ணொருத்தி என்றோ காசநோய்க்கு மருந்துண்டு குணமடைந்தாள் எனக் கொள்வோம். அச்செய்தி பரவின், அவளுடைய வேலைக்கும் திருமணத்திற்கும் அதுவே தடையாகக்கூடும்.

நம் கைக்கே எட்டாமை

2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள தகவல்கள் எவரும் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. நோயாளிகளைப் பதிவு செய்தல் முதலான பணிகள் பல நாட்கள் கையெழுத்தால் நடைபெற்றன. தீங்குறாத வேறொரு சர்வரில் காப்புப் படி இருந்தமையால் தகவல்கள் மீண்டன.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் தாக்குதலால் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன. அத்தாக்குதல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு திங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதனைப் பொருத்தாமையே கேடாயிற்று.

செய்ய வேண்டுவன

இவற்றைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஒழுங்கே வேண்டும். சிறிய மருத்துவமனையாயினும், பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் தருதல் முதற்கடமை. மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் பொருத்துதல் இரண்டாவது. நாள்தோறும் காப்புப் படி எடுத்து, கணிப்பொறியினின்று கழற்றி வேறிடத்தில் வைத்தல் மூன்றாவது. இணைத்தே வைத்திருந்தால் படியும் உடன் பூட்டப்படும். மென்பொருள் நிறுவனத்தாரோடு மறைகாப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுதல் நான்காவது. தேவை தீர்ந்த பதிவுகளை முறைப்படி அழித்தல் ஐந்தாவது. உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி; சட்டமும் சிகிச்சையும் வேண்டாத பழம்பதிவு, திருடனுக்கு வைத்த பொருளே ஆகும்.

2023ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய காவலின்றித் தகவலைக் கசியவிட்டவர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. எனினும் தண்டத்திற்கு அஞ்சிக் காப்பதினும், கடமையென உணர்ந்து காப்பதே சிறப்பு. நோயாளியின் செய்தி மருத்துவமனையின் உடைமையன்று. நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். நாளை மருத்துவமனைகளிலும் கணிப்பொறி நிறுவனங்களிலும் பணியேற்கவிருக்கும் மாணவமணிகள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக.