தாய் வழி சொல்லும் வாத்து!

பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். சென்னையின் தாகம் தீர்க்கும் ஏரி அது.

மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு விருந்தாளிகள் வருவது உண்டு. வடக்கே பனி கொட்டும் நாடுகளில் இருந்து பறந்து வரும் வாத்துகள்!

வாத்துகளில் 2 ரகம். ஒன்று, தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு மேயும். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் காணப்படும் புள்ளிமூக்கு வாத்து இந்த ரகம்.

இன்னொன்று, முழுதாகவே மூழ்கிவிடும். ஏரியின் அடிக்குப் போய் இரை தேடி, வேறு ஓர் இடத்தில் தலை தூக்கும். இவற்றின் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கும். நீந்த வசதி, நடக்கத் தொல்லை! பறக்க வேண்டும் என்றாலும் தண்ணீர் மேல் சிறிது தூரம் ஓடித்தான் எழும்பும்.

இந்த முக்குளிக்கும் வாத்துகளுக்குத்தான் இப்போது ஆபத்து.

செம்பழுப்புத் தலை கொண்ட வாத்து ஒன்று, குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு வருகிறது. தெற்கே வருவது குறைவு. அதை "அழிவு அபாயத்தில் உள்ளது" என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு சங்கம் 2015-ல் அறிவித்தது.

அதைவிட மோசமான நிலையில் இருப்பது "பேயர் வாத்து." ரஷியாவின் கிழக்குக் கோடியிலும், சீனாவிலும் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் அசாம், மணிப்பூர் பக்கம் எப்போதாவது தலை காட்டும். இன்று உலகம் முழுவதும் சேர்த்தாலும் மிகக் குறைவாகவே இருக்கும் என்கிறார்கள்.

பெண் கொடுக்கும் சொத்து

எது எந்த வாத்துக்கு உறவு? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் நாடியது "மைட்டோகாண்டிரியா."

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் சக்தி கொடுக்கும் அடுப்பு போன்றது மைட்டோகாண்டிரியா. அதற்குள் தனியாக ஒரு சிறு மரபுச் சங்கிலி இருக்கிறது. வாத்தின் முழு மரபுச் சங்கிலியில் 100 கோடிக்கு மேல் எழுத்துகள். இந்தச் சிறிய சங்கிலியிலோ சுமார் 16,600 எழுத்துகள்தான். மரபணுக்கள் 37.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் ஊரில் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் எழுத்தைப் போடுகிறோம். மைட்டோகாண்டிரியா அதற்கு நேர் எதிர். அது தாயிடம் இருந்து மட்டுமே வரும்! முட்டையின் வழியாக மகனுக்கும் கிடைக்கும், மகளுக்கும் கிடைக்கும். ஆனால், அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் மகள்தான். பாட்டி, தாய், மகள் என்று கைமாறி வரும் அட்டிகை மாதிரி.

நாள் ஆக ஆக அதில் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து மாறும். 2 வாத்துகளின் சங்கிலிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், வித்தியாசம் குறைவாக இருந்தால் நெருங்கிய உறவு. அதிகமாக இருந்தால் தூரத்து உறவு. ஓர் உயிரணுவில் இந்தச் சங்கிலி ஏராளமான பிரதிகளாக இருப்பதால், காட்சிசாலையில் கிடக்கும் பழைய தோலில் இருந்தும் எடுக்க முடிகிறது.

பேயர் என்பவர் யார் தெரியுமா? பாலூட்டிகளின் கருமுட்டையை 1827-ல் முதன்முதலாகக் கண்டுபிடித்த விஞ்ஞானி. அவர் பெயரை இந்த வாத்துக்கு 1863-ல் சூட்டினார்கள். முட்டையைக் கண்டவர் பெயரைத் தாங்கிய வாத்தின் கதையை இன்று முட்டை வழி வந்த சங்கிலியே சொல்கிறது. நல்ல பொருத்தம்தான்!

கலப்பால் வந்த வினை

ஆண் வாத்தின் கண் வெள்ளையாக இருக்கும் இனங்கள் 4 உண்டு. பேயர் வாத்து அதில் ஒன்று. செம்பழுப்பு உடம்பு கொண்ட வெள்ளைக்கண் வாத்து அதற்கு உடன்பிறப்பு போல நெருக்கம். மற்ற இரண்டும் மடகாஸ்கரிலும், ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றன.

உறவு நெருக்கமே இப்போது தொல்லை ஆகிவிட்டது. வெள்ளைக்கண் வாத்து கிழக்கே பரவிச் சீனாவில் நுழைந்துவிட்டது. சொந்த இனத்தில் ஜோடி கிடைக்காத பேயர் வாத்து, அதனுடன் சேருகிறது. கலப்புக் குஞ்சுகள் பிறக்கின்றன.

தாய் பேயர் வாத்தாக இருந்தால், குஞ்சின் மைட்டோகாண்டிரியா "நான் அசல் பேயர்" என்றுதான் சொல்லும். தகப்பனைப் பற்றி அது மூச்சு விடாது! அதனால் உயிரணுவின் கருவில் உள்ள பெரிய சங்கிலியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தத் தாய்ச் சங்கிலி வேறு வேலைக்கும் உதவி இருக்கிறது. ஒரு துண்டு இறைச்சி கிடைத்தால், அது எந்தப் பிராணியுடையது என்று இதை வைத்தே சொல்லும் முறையை ஐதராபாத் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2003-ல் வெளியிட்டார்கள். கள்ள வேட்டைக்காரர்களுக்குக் கெட்ட காலம்!

செத்துப் பிழைத்த இனம்

மடகாஸ்கர் வாத்தின் கதை சினிமாவையும் மிஞ்சும். 1991-ல் ஒரே ஓர் ஆண் வாத்து கிடைத்தது. அதுவும் அடுத்த ஆண்டு இறந்தது. "இனமே போயிற்று" என்று நினைத்தார்கள்.

2006-ல் தொலைதூர ஏரி ஒன்றில் சில வாத்துகள் நீந்துவதைக் கண்டார்கள். எண்ணிப் பார்த்தால் 20, 25 தேறின. அந்த ஏரி மிகவும் ஆழம். குஞ்சுகளால் அடிக்கு மூழ்கி இரை எடுக்க முடியவில்லை. பெரும்பாலும் பட்டினியால் மடிந்தன.

2009-ல் முட்டைகளை எடுத்து வந்து, பொரிக்கவைத்து, வளர்த்தார்கள். 2018 டிசம்பரில் 21 வாத்துகளை சோபியா ஏரிக்குக் கொண்டு போனார்கள். தண்ணீரில் மிதக்கும் கூண்டுகளில் சில நாள் பழக்கி, கதவைத் திறந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே அந்த ஏரியில் குஞ்சுகள் நீந்தின.