மூன்று புரிக் கயிறு

பௌர்ணமி இரவு. வேங்கிக்காலிலிருந்து புறப்பட்டு அண்ணாமலையைச் சுற்றி வருகிறீர்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு! வழி நெடுக, ஒவ்வோர் அடியிலும் உங்கள் உடலின் பாரத்தை இழுத்துப் பிடிப்பது எது? குதிகாலுக்கு மேலே தொட்டுப் பாருங்கள். கயிறு போல் தட்டுப்படுகிறதே, அந்தத் தசைநார்தான்.

கயிறு என்பது வெறும் உவமை அல்ல. உண்மையிலேயே அது கயிறுதான்! அதைக் கண்டுபிடித்துச் சொன்னது நம் சென்னை.

தசைநாரிலும் தோலிலும் எலும்பிலும் உள்ள அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். மணிமாலை போலச் சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. இத்தகைய சங்கிலிகளைப் பாலிமர் என்பார்கள். 1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் அதை ஆராய்ந்தார்கள். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தில் தெரிந்தவையோ சில புள்ளிகளும் கறைகளும்தாம்!

ஆகவே உருண்டைகளையும் கம்பிகளையும் கோத்து மாதிரி கட்டிப் பார்த்தார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிகச் சிறிய மணி. ஏன் அத்தனை? மூன்று சங்கிலிகளை நெருக்கி வைத்தால் நடுவில் இடமே இல்லை. அந்தச் சின்ன மணிதான் அங்கே அடங்கும்! மூன்று புரிகள் கொண்ட இந்த அமைப்பு 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று. மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டிருப்பதை 1955-ல் விளக்கினார்கள்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? ஆட்டுக்கால் சூப்பு சூடாக இருக்கையில் தண்ணீராக ஓடுகிறது. ஆறினால் கட்டியாக உறைகிறது. காரணம் இந்த மாதிரியில் இருக்கிறது. கொதிக்கும்போது முறுக்கு அவிழ்ந்து, புரிகள் தனித்தனியே நழுவித் திரிகின்றன. குளிர்ந்ததும் அங்கங்கே மறுபடி முறுக்கிக் கொண்டு வலையாகி, தண்ணீரைச் சிறைப்படுத்திவிடுகின்றன.

இன்னொன்று. உடல் புதிதாகத் திரிக்கும் கயிற்றில் முறுக்கு நிலைத்து நிற்க வைட்டமின் 'சி' வேண்டும். அது மிகவும் குறைந்தால் ஈறுகளில் ரத்தம் கசியும், புண் ஆறாது. முற்காலத்தில் மாதக் கணக்கில் கப்பலில் சென்ற மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இதுதான்.

ஆகையால் நெல்லிக்காயையும் கொய்யாவையும் அற்பமாக நினைக்காதீர்கள். உங்களைத் தாங்கும் கயிற்றுக்கு முறுக்கு அங்கிருந்துதான் வருகிறது!