‘பாண்டி’ என்றால் சிரிப்பு, ‘எந்தரு’ என்றாலும் சிரிப்பு: எல்லைக் கிராமங்கள் சொல்லும் பாடம்

ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு மலையாளி சாயாக்கடை போட்டிருந்தார் என்ற ஜோக்கை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மலையாளிகளே இதைப் பெருமையாகச் சொல்வார்கள். இதையே நீங்கள் ஆபீஸ் குரூப்பில் போட்டால்? அதே வரிகள்தான், ஆனால் அர்த்தம் மாறிடுது. சிரிப்பு எப்போது ஒருவர் மேல் முத்திரை குத்துகிறது, எப்போது அதை அழிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் போகலாம்.

கோடு விழுந்தது, பேச்சு பிரியவில்லை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதன் தென்கோடியில் பாறசாலை; எல்லையைத் தாண்டினால் களியக்காவிளை. அந்தப் பக்கம் அமரவிளை, இந்தப் பக்கம் களியக்காவிளை என்று ஊர்ப்பெயரில்கூட ஒரே ‘விளை’. குடிக்கிற தண்ணீர் இரண்டு பக்கமும் ‘வெள்ளம்’தான்.

இதனால் இந்த மக்களுக்குக் கேலியும் இரண்டு பக்கமிருந்து வருகிறது. வடக்குக் கேரளத்துக்குப் போனால், “இது மலையாளமா, பாண்டி பாஷையா?” பாண்டிய நாட்டைக் குறித்த சொல், தமிழர்களை மட்டம்தட்டும் சொல்லாகிவிட்டது. விளவங்கோட்டுக்காரர் சென்னைக்கு வந்தால், “நீங்க மலையாளியா?”

டேட்டாவிலும் இவர்கள் சரியாகத் தெரிவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர், அதாவது 1.5%. தமிழ்நாட்டில் மலையாளத்தைச் சொன்னவர்கள் சுமார் 7 லட்சம், 1%. தாய்மொழி என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். இரண்டும் கலந்து பேசுபவருக்கு அங்கே இடமில்லை.

சினிமா செய்தது என்ன?

மலையாள சினிமாவில் வள்ளுவநாட்டுப் பேச்சு நீண்ட காலம் ‘நல்ல மலையாளமாக’ இருந்தது. ‘எந்தரு’ (என்ன) என்று கேட்கும் திருவனந்தபுரம் வழக்கு பெரும்பாலும் காமெடிக்குத்தான் பயன்பட்டது. 2005-இல் ‘ராஜமாணிக்யம்’ வந்தது. மம்மூட்டியே படம் முழுக்க அந்த வழக்கில் பேசினார். அதைச் சொல்லிக்கொடுத்தவர் மிமிக்ரி மேடையிலிருந்து வந்த சுராஜ் வெஞ்ஞாறமூடு. பேச்சைக் கேட்டு தியேட்டர் சிரித்தது, ஆனால் ஜெயித்தது அப்படிப் பேசியவர்தான்.

அந்த வழக்கால் பிரபலமான சுராஜ், காமெடியனாகவே நின்றுவிடவில்லை. ‘பேரறியாதவர்’ படத்துக்காக 2013-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் தேசிய விருதை ராஜ்குமார் ராவுடன் பகிர்ந்துகொண்டார். ‘ஆக்‌ஷன் ஹீரோ பிஜு’வில் (2016) சிறிது நேரமே வந்து அழவைத்தார். அவரைப் பார்த்தாலே சிரித்துப் பழகியவர்கள் ஒரு முழு மனிதரைப் பார்த்தார்கள்.

தமிழர் பற்றிய முத்திரையை ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ வேறு விதமாகத் தொட்டது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஜேம்ஸ், வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, காணாமல்போன சுந்தரமாகவே வாழத் தொடங்குகிறார். அங்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அது கிராமத்து மக்களைப் பார்த்து வரும் சிரிப்பு இல்லை.

ஜோக் முத்திரையை உடைக்குமா?

எப்போதும் இல்லை. இனவெறி பிடித்த ஒரு அப்பாவைக் கிண்டல் செய்த அமெரிக்க சீரியல் ‘ஆல் இன் த ஃபேமிலி’. அதைப் பார்த்தவர்களை விட்மர், ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1974-இல் எழுதினார்கள். முன்பே வெறுப்பு இருந்தவர்கள் அந்த அப்பாவைத்தான் ரசித்தார்கள். கிண்டல் அவர்களுக்குக் கிண்டலாகவே படவில்லை. தாமஸ் ஃபோர்டின் ஆய்வுகளும் இதையொட்டியே போகின்றன: மட்டம்தட்டும் ஜோக் வெறுப்பைப் புதிதாக உருவாக்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் வெறுப்பை வெளியே காட்ட லைசென்ஸ் கொடுக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. நமக்கு நேரில் பழக்கமில்லாத மக்களைத் திரையில் முழு மனிதர்களாகப் பார்த்துப் பழகினால் முன்முடிவுகள் குறையலாம் என்கிறது 2005-இல் ஷியாப்பா குழு வெளியிட்ட ஆய்வு.

ஃபார்வர்டு பண்ணும் முன்

மூன்று கேள்விகள் போதும். ஜோக்கைச் சொல்வது யார்: அந்த மக்களில் ஒருவரா, வெளியே நிற்பவரா? சிரிப்பு எதற்கு: அவர் செய்த காரியத்துக்கா, அவர் பேசும் விதத்துக்கா? ஜோக் முடிந்தபிறகு அவருக்கு அந்தக் கதையில் வேறு வேலை ஏதாவது இருக்கிறதா?

இது சும்மா ரசனை விஷயம் இல்லை. தன் பேச்சைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள் என்று தெரிந்தவர் இன்டர்வியூவிலும் மீட்டிங்கிலும் வாயைத் திறக்கவே யோசிப்பார். உங்கள் டீமில் பாறசாலைக்காரர் ஒருவர் இருந்தால், அவர் என்ன சொல்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். எப்படிச் சொல்கிறார் என்பது அப்புறம்.