செம்பனைத் தோட்டத்துக் காய்ச்சல்

ஜெராமைச் சுற்றியுள்ள சாலைகளில் சென்றால் இருபுறமும் செம்பனை மரங்களைக் காணலாம். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். பெயரில் தென்னை, நட்டதோ செம்பனை!

செம்பனை பரவிய 1920களில் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஒரு கடுங்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதுவே ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ எனும் புதர்க் காய்ச்சல். லாலாங் புல்லிலும் புதரிலும் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிக்கும்போது, ஒருவகைப் பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. கடித்தது பலருக்குத் தெரிவதே இல்லை. ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். கடிபட்ட இடத்தில் தீய்ந்தது போன்ற கரும்புண் தோன்றலாம்.

அந்த நாள்களில் உடல் சும்மா இருப்பதில்லை. எந்தக் கிருமியையும் விழுங்க முயலும் வெள்ளை அணுக்கள் முதலில் வருகின்றன. ஆனால், இந்தப் பாக்டீரியா உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகக்கூடியது. அதை அடக்கத் தனிப்பயிற்சி பெற்ற படை தேவை.

நம் உடலில் கோடிக்கணக்கான நிணநீர் அணுக்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு வடிவத்தையே அடையாளம் காணும். கிருமியின் துணுக்குகள் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு செல்லப்படும்போது, அவற்றுக்குப் பொருந்தும் அணுக்கள் அங்கே மிகச் சிலவே இருக்கும். அந்தச் சில அணுக்கள் பெருகிப் படையாகச் சில நாள்கள் பிடிக்கும். பிறகு, பி அணுக்கள் கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. டி அணுக்கள் கிருமி ஒளிந்திருக்கும் உயிரணுக்களைத் தேடி அழிக்கின்றன.

இப்படை எவ்வளவு இன்றியமையாதது என்பது மலாயாவிலேயே தெரியவந்தது. 1948இல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து, குளோரம்பெனிக்கால் என்ற மருந்தால் இக்காய்ச்சலைக் குணப்படுத்தியது. அடுத்து, தன்னார்வலர்கள் சிலர் உண்ணிகள் மிகுந்த இடத்தில் அமர்ந்து, அம்மருந்தை நாள்தோறும் உட்கொண்டனர். (இதற்குத் துணிவு வேண்டும்!) மருந்து உண்டவரை நலமாக இருந்தார்கள். நிறுத்திய சில நாள்களில் காய்ச்சல் வந்துவிட்டது. மருந்து கிருமியின் பெருக்கத்தைத்தான் நிறுத்தியிருந்தது, அதைக் கொல்லவில்லை. உடலின் படையோ இன்னும் உருவாகவில்லை. மருந்தைச் சில நாள் இடைவெளி விட்டுப் பல வாரங்களுக்குக் கொடுத்தபோது, உடல் கிருமியை அறிந்துகொள்ள நேரம் கிடைத்தது, நோயும் வெளிப்படவில்லை.

நோய் நீங்கிய பின் நினைவு அணுக்கள் எஞ்சுகின்றன. எனினும், இப்பாக்டீரியாவில் பல வகைகள் உண்டு. ஒரு வகையை நினைவில் வைத்த உடல் இன்னொரு வகையிடம் ஏமாறலாம். அதனால் ஒருவருக்கே மீண்டும் இந்நோய் வரக்கூடும். இதற்கான தடுப்பூசியும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனை, காய்ச்சலின் தொடக்க நாள்களில் ஒன்றையும் காட்டாமல் போகலாம். ஆகவேதான் மருத்துவர் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கரும்புண்ணைத் தேடுகிறார், “அண்மையில் தோட்டத்துக்குச் சென்றீர்களா?” என்றும் கேட்கிறார்.